மேய்ப்பரின் முதற்பணி

கிறிஸ்தவ சமயத்தில் சபையை நடத்தும் குருவைக் குறிக்கும் சொற்கள் பல. போதகர் என்பார் சிலர்; குருவானவர் என்பார் சிலர்; திருநெல்வேலிச் சீமையில் 'ஐயர்' என்றே மரியாதையோடு அழைப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் 'பாஸ்டர்' என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ஆடு மேய்ப்பவன் என்பதே அதன் பொருள். போதகர் என்னும் பெயர் அவருடைய நாவைச் சுட்டுகிறது. மேய்ப்பர் என்னும் பெயரோ அவருடைய கண்ணையும் காலையும் சுட்டுகிறது. மேய்ப்பன் மந்தையை எண்ணிப் பார்க்கிறான். குறைந்ததைத் தேடிப் போகிறான். நொண்டியதைத் தூக்கிச் சுமக்கிறான். ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே அறிந்தவனே நல்ல மேய்ப்பன்.

இத்தகைய மேய்ப்பரின் வாழ்வில் நம் கண்ணுக்குத் தெரியும் பணிகள் பல. ஞாயிறுதோறும் அருளுரை ஆற்றுகிறார். குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கிறார், மணமக்களை வாழ்த்துகிறார், இறந்தாரை அடக்கம் செய்கிறார். பிணியாளரைப் பார்க்கப் போகிறார். பிணங்கி நிற்கும் சகோதரரைக் கூட்டி வைக்கிறார். சபைக் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார். இவற்றுள் எது முதற்பணி என்று திருச்சபையின் மூத்தோரைக் கேட்டால், அவர்கள் இவற்றில் எதனையும் சொல்வதில்லை. செபமே முதற்பணி என்கிறார்கள்.

இவ்விடையைக் கேட்ட மாணவர் ஒருவர் வியப்படையலாம். வியப்பு மட்டுமன்றி, ஐயமும் கொள்ளலாம். ஊரில் பசித்தவர் இருக்கின்றனர்; நோயாளிகள் இருக்கின்றனர்; கல்வியற்ற பிள்ளைகள் இருக்கின்றனர். இத்தனை வேலை காத்துக் கிடக்க, ஒருவர் கதவை அடைத்து முழந்தாளில் நிற்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது ஆகாதா? இது குறும்புக் கேள்வி அன்று, நேர்மையான கேள்வி. இக்கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே இன்று நம் பொருளை ஆராய்வோம்.

முதலில் செபம் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இறைவனிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்பது மட்டும் செபம் என்று பலர் எண்ணுகின்றனர். கேட்பது அதன் ஒரு பகுதியே. இறைவனுடைய பெருமையை நினைந்து போற்றுதல் ஒன்று. தன் குற்றங்களை ஒளியாமல் அறிக்கையிடுதல் ஒன்று. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல் ஒன்று. தன் தேவையைச் சொல்லுதல் ஒன்று. இவற்றோடு, பிறருக்காக வேண்டிக்கொள்ளுதல் என்பதும் உண்டு. அதனை மன்றாட்டு என்பர். முன்கூறிய நான்கும் கிறிஸ்தவர் எல்லார்க்கும் உரியவை. மன்றாட்டும் எல்லார்க்கும் உரியதே. எனினும் மேய்ப்பருக்கு அது சிறப்பாக உரியது. தன் பொருட்டு மட்டும் வேண்டிக்கொள்ளும் மேய்ப்பர், தன் வயிற்றுக்கு மட்டும் சமைக்கும் சத்திரத்துக்காரரை ஒப்பர்.

இக்கருத்தின் வேரைப் பழைய ஏற்பாட்டில் காண்கிறோம். இஸ்ரவேல் மக்களின் தலைமைக் குருவாகிய ஆரோன் அணியவேண்டிய உடையைப் பற்றி யாத்திராகமம் என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது. அவருடைய மார்புப் பதக்கத்தில் வரிசைக்கு மூன்றாக, நான்கு வரிசையில் பன்னிரண்டு மணிகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மணியிலும் ஒரு குலத்தின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. இது போதாதென்று, இரு தோள்களின்மேலும் இரண்டு கற்கள்; ஒவ்வொன்றிலும் ஆறு பெயர்கள். தோள் சுமைக்கு உரியது. மார்பு அன்புக்கு உரியது. ஆகவே அவர் இறைவனுடைய சந்நிதியில் தனியே நுழைந்தபோதும் தனியாக நுழையவில்லை. ஒரு மக்கட்கூட்டம் முழுவதையும் தோளிலும் நெஞ்சிலும் பெயர் பெயராகச் சுமந்துகொண்டே நுழைந்தார். மேய்ப்பரின் செபம் எத்தகையது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உவமை வேறில்லை.

சாமுவேல் என்னும் பெரியவரின் வரலாறும் நினைக்கத்தக்கது. அவர் நெடுங்காலம் மக்களுக்கு நீதி வழங்கியவர். முதுமையில், மக்கள் தம் விருப்பப்படி அரசன் ஒருவனை ஏற்படுத்திக்கொண்டனர். அவர்கள் அவ்வாறு கேட்டது சாமுவேலுக்கு உவப்பாக இல்லை. பதவி கையைவிட்டுப் போகும் அந்த நாளில் அவர் மக்களிடம் சொன்ன செய்தி என்ன? உங்களுக்காக வேண்டிக்கொள்வதை நான் நிறுத்திவிட்டால், அது இறைவனுக்கு எதிராக நான் செய்யும் பாவம் ஆகும் என்ற கருத்தையே அவர் தெரிவித்தார். அதிகாரம் போனபின்பும் கடமை போகவில்லை. தம்மை ஒதுக்கியவர்களுக்காகவும் மன்றாட வேண்டும் என்பதே அவர் கண்ட அறம்.

இனி, புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். கப்பர்நகூம் என்னும் ஊரில் ஒருநாள் மாலை, நோயாளிகள் அனைவரையும் மக்கள் இயேசு பெருமானிடம் கொண்டுவந்தனர். ஊரே வாசலில் திரண்டது என்கிறார் மாற்கு. அப்பெருமான் பலரைக் குணப்படுத்தினார். மறுநாள் பொழுது புலரும் முன்பே எழுந்து, தனியிடம் ஒன்றுக்குச் சென்று செபம் செய்தார். சீடர்கள் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்ற செய்தியைக் கூறினர். அவரோ அந்த ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். இந்நிகழ்ச்சியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கூட்டம் தம்மைத் தேடுகிறது என்பதற்காகவே ஒருவர் கூட்டத்தின் பின் போனால், அவர் தலைவர் அல்லர், கூட்டத்தின் கைப்பாவை. தம் பணி எது, எது அன்று என்று பிரித்தறியும் தெளிவு அந்த விடியற்காலத் தனிமையில் கிடைத்தது. பன்னிரு சீடரைத் தெரிந்தெடுப்பதற்கு முன்னும் அவர் ஓர் இரவு முழுவதும் மலையில் செபத்தில் கழித்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு நேரான விடையும் புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. எருசலேமில் தொடக்கக் காலத் திருச்சபை வளர்ந்துவந்தபோது ஒரு மனத்தாங்கல் எழுந்தது. கைம்பெண்களுக்கு நாள்தோறும் உணவு பங்கிடப்பட்டது. அதில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று அந்த மொழியினர் முறையிட்டனர். மொழி வேறுபாடும் வயிற்றுப் பசியும் கலந்த வழக்கு அது. அப்போது அப்போஸ்தலர் செய்தது யாது? செபத்திலும் போதனைப் பணியிலும் நாங்கள் நிலைத்திருப்போம் என்று முடிவு செய்தனர். இம்மட்டோடு நிறுத்தியிருந்தால் அவர்களை நாம் குறைகூறலாம். ஆனால் அவர்கள் பந்தியைக் கைவிடவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்து, பங்கீட்டுப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தனர். ஸ்தேவான் முதலிய அவ்வெழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. முறையிட்டவர்களின் மொழியினரிடமே பொறுப்பு சென்றது எனலாம். செபிக்கிறவர்கள் நியாயத்தை மறந்துவிடவில்லை; நியாயம் தவறாமல் நடப்பதற்கு வழிசெய்த பிறகே செபத்துக்குச் சென்றார்கள்.

செபத்துக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஒழுங்கு வேண்டும். மனம் விரும்பும்போது செபிப்பேன் என்பவர் விரைவில் செபிக்காமலே இருக்கக் கற்றுக்கொள்வார். ஆதலால் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் பெனெடிக்டு என்னும் துறவி வகுத்த மடத்து ஒழுங்கு, பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடிச் செபிக்க வேண்டும் என்று விதித்தது. கத்தோலிக்கக் குருமார் இன்றும் நாள்தோறும் குறித்த வேளைகளில் திருப்புகழ்மாலை சொல்லுகின்றனர். இங்கிலாந்தில் 1549-ஆம் ஆண்டில், பேராயர் கிரான்மரின் தலைமையில் பொதுச் செபநூல் ஒன்று வெளிவந்தது. மடத்தில் பலவாகப் பிரிந்திருந்த செப வேளைகளைக் காலைச் செபம், மாலைச் செபம் என்று இரண்டாக அது சுருக்கியது. 1552-ஆம் ஆண்டுப் பதிப்பு, குருமார் நாள்தோறும் இவ்விரண்டையும் சொல்ல வேண்டும் என்றது. ஊரில் இருக்கும் குரு மணியடித்து மக்களையும் அழைக்க வேண்டும் என்றது. இந்நூல் தமிழிலும் பெயர்க்கப்பட்டு நம் நாட்டு ஆங்கிலிக்கன் சபைகளில் வழங்கியது. காலையும் மாலையும் ஆலயமணி ஒலிக்கும் நெல்லைச் சீமைச் சிற்றூர்களின் வழக்கத்துக்குப் பின்னால் இந்தப் பழைய விதி நிற்கிறது.

விதி ஒன்று, அதனை வாழ்ந்து காட்டுவது மற்றொன்று. வாழ்ந்து காட்டிய ஒருவரை இப்போது அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஆங்கில இலக்கியம் கற்கும் கல்லூரி மாணவர்கள் ஜார்ஜ் ஹெர்பர்ட்டைக் கவிஞராக அறிவார்கள். அவர் 1593-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் உயர்குடியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவாளர் என்னும் பதவியை 1620-இல் பெற்றார். அரசர்க்கும் பெருமக்கட்கும் பல்கலைக்கழகத்தின் சார்பில் இலத்தீனில் மடல் தீட்டுவதும் உரையாற்றுவதும் அப்பதவிக்கு உரிய பணி. அரசவையின் உயர்பதவிகளுக்கு அது படிக்கட்டாகவும் இருந்தது. 1624-இல் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். இத்தகையவர் அவற்றையெல்லாம் விட்டு, 1630-ஆம் ஆண்டில் சால்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள பெமர்ட்டன் என்னும் சிற்றூருக்குக் குருவாகச் சென்றார். காசநோயால் 1633-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் இறந்தார். அவர் அங்கே பணிசெய்த காலம் மூன்று ஆண்டுகூட நிரம்பவில்லை. அவருடைய வயதோ நாற்பதைத் தொடவில்லை.

ஐசக் வால்ட்டன் என்பார் 1670-இல் ஹெர்பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில் வரும் செய்தி ஒன்று. புதிய குரு பொறுப்பேற்கும் நாளில், அவர் ஆலயத்தினுள் தனியே சென்று கதவை அடைத்துக்கொண்டு மணியடிக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். ஹெர்பர்ட் உள்ளே சென்றார். நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. வாசலில் காத்திருந்த நண்பர் ஒருவர் சன்னல் வழியாகப் பார்த்தார். ஹெர்பர்ட் திருமேசையின் முன் தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தார். தம் எதிர்கால வாழ்வுக்குரிய ஒழுங்குகளை அவ்வேளையில் தாம் வகுத்துக்கொண்டதாகப் பின்னர் அவர் அந்த நண்பரிடம் தெரிவித்தாராம். பதவியேற்பு நாள் என்றால் மாலையும் வாழ்த்தும் நம் நினைவுக்கு வருகின்றன. அவருக்கோ அது தரையில் விழும் நாளாயிற்று.

அதன்பின் அவர் நாள்தோறும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும், தம் வீட்டை ஒட்டியிருந்த சிறிய ஆலயத்தில் மனைவியோடும் தம் ஆதரவில் வளர்ந்த உறவுப் பெண்களோடும் வீட்டார் அனைவரோடும் செபம் நடத்தினார். ஊரார் பலரும் வந்து கலந்துகொண்டனர். வர இயலாத உழவர்கள், மணியோசை கேட்டதும் வயலில் ஏரை நிறுத்தி, தாங்களும் இறைவனை நினைந்து, பின்பு மீண்டும் உழத் தொடங்கினர் என்று வால்ட்டன் எழுதுகிறார். அந்த மணியோசை உழவனுடைய வேலையைக் கெடுக்கவில்லை; வேலையின் நடுவே அவனை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

நாட்டுப்புறக் குருவின் கடமைகளைப் பற்றி ஹெர்பர்ட் உரைநடை நூல் ஒன்றும் எழுதினார். அது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1652-இல் அச்சாயிற்று. அதில் குரு செபம் செய்யும் முறையைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. சொற்கள் தெளிவாகவும் நிதானமாகவும் வரவேண்டும். மக்களின் ஆர்வம் தணிந்துபோகும் அளவுக்கு இழுக்கவும் கூடாது என்கிறார். மக்களும் பேசிக்கொண்டோ, தூங்கிக்கொண்டோ, சாய்ந்துகொண்டோ இருத்தல் ஆகாது. மறுமொழியை முணுமுணுக்காமல், பொருளை எண்ணிச் சொல்ல வேண்டும் என்கிறார். செல்வர் சிலர் பெருமைக்காகக் காலந்தாழ்த்தி ஆலயத்துக்கு வருவதுண்டு. அதனைக் குரு ஒருபோதும் பொறுத்துக்கொள்ளலாகாது என்றும் கண்டிப்பாக எழுதுகிறார். இறைவன் முன்னிலையில் பண்ணையாரும் கூலியாளும் ஒரே மணியோசைக்குக் கட்டுப்பட்டவர்கள். நெடுங்காலம் பள்ளியில் மணியடித்து வகுப்பைத் தொடங்கி வைத்தவன் என்ற முறையில், இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாவது இயல்பே.

அதே நூலில், குரு வாரநாள்களின் பிற்பகலில் வீடுவீடாகச் செல்ல வேண்டும் என்கிறார். குனிந்து நுழையவேண்டிய குடிசையானாலும், உள்ளே நாற்றம் தாங்க முடியாததாக இருந்தாலும், அங்கே புகுவதற்கு அவர் கூசக் கூடாது. மக்களின் உடல்நோய்க்கு மருந்தும் வழக்குகளுக்கு அறிவுரையும் சொல்லும் அளவுக்கு அவர் கற்றிருக்க வேண்டும். செபத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவரே குடிசையைப் பற்றியும் எழுதினார் என்பதை மறத்தல் ஆகாது. காலையில் எந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினாரோ, மாலையில் அந்தப் பெயருக்குரியவரின் வாயிலில் நின்றார்.

இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை வால்ட்டன் தருகிறார். ஹெர்பர்ட்டுக்கு இசையில் மிகுந்த ஈடுபாடு. வாரம் இருமுறை சால்ஸ்பரிப் பேராலயத்துக்கு நடந்து சென்று, அங்குப் பாடப்படும் செபத்தில் கலந்துகொண்டு, நண்பர்களோடு இசைத்துவிட்டுத் திரும்புவார். ஒருநாள் அவ்வாறு செல்லும்போது, ஏழை ஒருவனுடைய மெலிந்த குதிரை சுமையின்கீழ் விழுந்து கிடந்ததைக் கண்டார். உடனே தம் குருவுடையின் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சுமையை இறக்கவும் குதிரையைத் தூக்கிவிடவும் மீண்டும் சுமையேற்றவும் உதவினார். அவனுக்குப் பொருளும் கொடுத்தார். எப்போதும் தூய ஆடையோடு வருபவர் அன்று அழுக்குப் படிந்து வந்ததைக் கண்டு நண்பர்கள் திகைத்தனர். இத்தகைய இழிந்த வேலையைச் செய்து தம் மதிப்பைக் குறைத்துக்கொண்டீரே என்றார் ஒருவர். நள்ளிரவில் இதனை நினைக்கும்போது இது தமக்கு இசையாக இருக்கும் என்று ஹெர்பர்ட் விடையிறுத்தார். துன்புறுவோர் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளக் கடமைப்பட்டவர், தம்மால் இயன்றவரை அந்த வேண்டுதலைச் செய்கையிலும் காட்டக் கடமைப்பட்டவர் என்பது அவர் கருத்து.

மாணவர்களே, நாம் எழுப்பிய ஐயத்துக்கு அந்தச் சேறு படிந்த ஆடையே விடையாகும். மெய்யான செபம் மனிதனைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்துவதில்லை. தெருவில் கிடப்பதைக் காணும் கண்ணை அவனுக்குத் தருகிறது.

செபத்துக்கும் செயலுக்கும் உள்ள இந்த உறவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் உரோமைப் பாப்பரசர் முதலாம் கிரகோரியார். அவர் 590-ஆம் ஆண்டில் பதவியேற்றபோது உரோமை நகரைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னிருந்த பாப்பரசரே அந்நோய்க்கு இரையானார். மடத்தின் அமைதியை விரும்பிய கிரகோரியார், நகரத்து ஏழைகளுக்குத் தானியம் அளிக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டியதாயிற்று. மேய்ப்பரின் கடமை குறித்து அவர் எழுதிய நூலில் மோசேயை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். மோசே ஆசரிப்புக் கூடாரத்தினுள் அடிக்கடி புகுவார். அடிக்கடி வெளியே வருவார். உள்ளே இறைவனை நோக்கியிருப்பார். வெளியே எளியவர் சுமையைத் தாங்குவார். வெளியே ஐயம் எழுந்தால் மீண்டும் உள்ளே சென்று இறைவனிடம் கேட்பார். உள்ளேயே தங்கிவிடுபவர் மேய்ப்பர் அல்லர். வெளியிலேயே திரிபவரும் மேய்ப்பர் அல்லர். வாயிலைக் கடந்து போவதும் வருவதுமே மேய்ப்பரின் வாழ்வு. கிணற்றுக்குப் போகாத குடத்தில் நீர் இராது. கிணற்றிலேயே கிடக்கும் குடத்தால் வீட்டுக்குப் பயன் இல்லை.

அமைதியான சிற்றூரில் இவையெல்லாம் பொருந்தலாம். கொடுங்கோன்மை நிலவும் நாட்டில் செபம் எதற்கு உதவும் என்று வினவலாம். அதற்கும் ஒரு சான்று உண்டு. ஜெர்மனி நாட்டில் இட்லர் ஆட்சிக்கு வந்தபின், அந்நாட்டுத் திருச்சபையில் ஒரு சாரார் அவனுடைய கொள்கைக்கு இணங்கினர். மற்றொரு சாரார் இணங்க மறுத்தனர். மறுத்தவர்களுள் ஒருவர் டீட்ரிக் போன்ஹோபர். 1906-இல் பிறந்த இவர், 1935-ஆம் ஆண்டில் பின்கென்வால்டே என்னும் இடத்தில் இளங்குருமாருக்குப் பயிற்சி அளித்தார். அங்கே நாளின் தொடக்கமும் முடிவும் கூட்டுச் செபம். அதற்குமேல், வேதாகமத்தின் சிறு பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு நாள்தோறும் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் மௌனமாகத் தியானிக்க வேண்டும். மாணவர்கள் முதலில் இதனை விரும்பவில்லை. நாடு பற்றி எரியும்போது மடத்து வாழ்வு எதற்கு என்று வெளியிலிருந்தோரும் குறைகூறினர். போன்ஹோபர் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டத்தோடு ஓடாமல் தனித்து நிற்க வேண்டிய காலம் வருகிறது. தனிமையில் இறைவன்முன் நிற்கப் பழகாதவன் அந்நாளில் நிற்கமாட்டான் என்பதே அந்தப் பயிற்சியின் உட்கருத்து எனலாம். அப்பள்ளியை 1937-இல் இரகசியப் போலீசார் மூடினர்.

அந்த வாழ்வைப் பற்றி அவர் எழுதி 1939-இல் வெளிவந்த சிறுநூலில், மன்றாட்டைப் பற்றி ஆழ்ந்த கருத்து ஒன்று உண்டு. ஒருவனுக்காக நாம் உண்மையாக வேண்டிக்கொண்டால், அவனை அதன்பின் வெறுக்க இயலாது. பொறுக்க முடியாததாகத் தோன்றிய அவன் முகம், நம் செபத்திலே மன்னிப்புக்குரிய மனிதனின் முகமாக மாறிவிடும் என்பதே அக்கருத்து. சபையில் மேய்ப்பருக்கு வேண்டாதவர் சிலர் இருக்கவே செய்வர். அவர்களை வெல்லும் வழி இதுவே.

போன்ஹோபர் 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-இல் சிறைப்பட்டார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளுக்காக உடன் இருந்த கைதிகளுக்குச் சில செபங்களை எழுதிக் கொடுத்தார். 1944-ஆம் ஆண்டு மே மாதத்தில், நண்பரின் குழந்தைக்குத் திருமுழுக்கு நாள் வாழ்த்தாகச் சிறையிலிருந்து எழுதிய கட்டுரையில், இனிக் கிறிஸ்தவ வாழ்வு செபம், மனிதரிடையே நீதியான செயல் என்னும் இரண்டிலே அடங்கும் என்ற கருத்தை வெளியிட்டார். ஒன்றை விட்டு மற்றொன்றை அவர் சொல்லவில்லை. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை, உடன் இருந்த கைதிகளுக்குச் சிறு வழிபாடு ஒன்றை நடத்தி முடித்தார். அவ்வேளையிலேயே காவலர் வந்து அவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் பிளாசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு மேய்ப்பர் தம் மந்தைக்கு இறுதியாகச் செய்த பணியும் செபமாகவே அமைந்தது.

இதுவரை செபத்தின் நன்மையைக் கூறினேன். அதனைச் சூழ்ந்துள்ள ஆபத்துகளையும் கூறாவிட்டால் பேச்சு நிறைவுறாது. முதல் ஆபத்து பழக்கம். நாள்தோறும் சொல்லும் சொற்கள் நாவோடு நின்றுவிடும். நெஞ்சு வேறெங்கோ திரியும். மார்ட்டின் லுத்தர் 1535-இல், தம் முடிதிருத்துபவராகிய பீட்டர் என்பார் கேட்டுக்கொண்டதற்காகச் செபம் செய்யும் முறையைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். நல்ல முடிதிருத்துபவர் தம் கருத்தையும் கண்ணையும் கத்தியின்மேல் வைத்திருக்க வேண்டும்; வேடிக்கை பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால் வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவார். செபத்துக்கு இதனினும் மிகுந்த கவனம் வேண்டும் என்று அவருக்குப் புரியும் உவமையாலேயே லுத்தர் விளக்கினார்.

இரண்டாவது ஆபத்து பகட்டு. பிறர் காணவேண்டும் என்று தெருமுனையில் நின்று செபிப்பவரை இயேசு பெருமான் கடிந்து கூறியதை அறிவோம். மேய்ப்பர் பலர்முன் செபிக்கவேண்டியவர். ஆதலால் இந்த ஆபத்து அவருக்கு மற்றவரினும் மிகுதி. யாரும் காணாத அறையில் செபிக்காதவர், எல்லாரும் காணும் மேடையில் செபிப்பது நடிப்பாகிவிடும். மூன்றாவது ஆபத்து சாக்கு. 'உனக்காகச் செபிக்கிறேன்' என்று சொல்லி, பசித்தவனை வெறுங்கையோடு அனுப்புவது. குளிரில் நடுங்குபவனிடம் சூடாக இரு என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபின் நிருபம் கேட்கிறது. மனத்தில் மாசில்லாமல் இருப்பதே அறம் என்பது வள்ளுவர் கொள்கை. அவர் ஏனையவற்றை வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கிய நுட்பத்தை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும்.

செபத்தால் மேய்ப்பருக்குக் கிடைப்பவை யாவை என்று தொகுத்துப் பார்ப்போம். எதனைச் செய்வது, எதனை விடுவது என்னும் தெளிவு கிடைக்கிறது. தம் குற்றத்தை நாள்தோறும் அறிக்கையிடுவதால், பிறர் குற்றத்தைக் கேட்கும்போது ஏளனம் தோன்றாமல் இரக்கம் தோன்றுகிறது. மன்றாடுவதால் மக்கள் அவருக்குக் கூட்டமாகத் தோன்றாமல், தனித்தனிப் பெயராகவும் முகமாகவும் விளங்குகின்றனர். எல்லாச் சுமையையும் தாமே சுமக்கவில்லை என்னும் ஆறுதலும் கிடைக்கிறது. மரணப் படுக்கையில் கிடப்பவரின் அருகில் அமரும் மேய்ப்பருக்கு மருத்துவர்போல் கருவி இல்லை. செல்வர்போல் பொருள் இல்லை. அங்கே அவர் கையில் உள்ளது செபம் ஒன்றே. நெடுநாள் தனிமையில் பழகாத சொல், அந்த நேரத்தில் நாவில் வாராது.

இப்பேச்சைக் கேட்கும் மாணவர் பலரும் மேய்ப்பர் ஆகப் போவதில்லை. எல்லாரும் கிறிஸ்தவரும் அல்லர். எனினும் உங்களுள் ஒருவர் நாளை மருத்துவர் ஆகலாம்; ஒருவர் ஆசிரியர் ஆகலாம்; ஒருவர் ஊராட்சித் தலைவர் ஆகலாம். பிறருடைய வாழ்வு உங்கள் கையில் ஒப்படைக்கப்படும் நாள் வரும். அப்போது ஆசிரியருக்கு வருகைப் பதிவேடு வெறும் பெயர்ப் பட்டியலாகத் தோன்றலாம். மருத்துவருக்கு நோயாளி வெறும் படுக்கை எண்ணாகத் தோன்றலாம். வேலை மிகுந்த இடத்தில் மனிதர் எண்ணாகச் சுருங்குவது எளிது. அந்நாளில், காலையில் சிறிது நேரம் தனித்திருந்து, உங்களை நம்பியிருப்போரின் பெயர்களை ஒவ்வொன்றாக நெஞ்சில் நிறுத்திப் பாருங்கள். கடவுள் நம்பிக்கையுடையோர் அதனைச் செபமாகவே செய்யலாம். ஏனையோர்க்கும் அது வீண்போகாது.

ஆரோன் மார்பில் இருந்த மணிகள் பன்னிரண்டு. ஓர் ஊர்ச் சபையின் மேய்ப்பர் நெஞ்சில் இருக்கவேண்டிய பெயர்கள் சில நூறு ஆகலாம். அவற்றுள் ஒன்றும் உதிர்ந்துவிடாமல் காப்பதற்கே அவர் விடியற்காலையில் எழுகிறார். எழுந்து செபித்தபின், அப்பெயர்களுக்குரிய வீடுகளை நோக்கி நடக்கிறார். இவ்விரண்டும் சேர்ந்ததே மேய்ப்பரின் பணி. இவற்றுள் முதலில் வருவது செபம்.